பழைய ஜீப்பும் பின்சக்கர பிரேக்கும்

கிராம வளர்ச்சிப் பணியின் வரலாற்றில் ஜீப் வண்டிக்குத் தனி இடம் உண்டு. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், நல்ல சாலை இல்லாத ஊர்களுக்கு அலுவலர்கள் சென்று வருவதற்குப் பெரிதும் துணைநின்றது இவ்வண்டியே. சேற்றிலும் மணலிலும் மலைச்சரிவிலும் நான்கு சக்கரங்களாலும் உந்திச் செல்லும் ஆற்றல் இதற்கு உண்டு. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது படைக்கென உருவான வண்டி, பின்னர் பம்பாயில் பூட்டப்பட்டு நம் நாட்டுச் சாலைகளுக்கும் வந்து சேர்ந்தது.

அரசுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் உரிய, 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆதலின் ஒன்றிய அலுவலக வாயிலில் பழைய ஜீப்பைக் காண்பது இன்று அரிது. எனினும் தனியாரிடத்தில் இவை பல உயிருடன் உலவுகின்றன. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் செல்வதும், மலையூர்களில் விளைபொருள் சந்தைக்கு இறங்குவதும், நோயாளியை இரவு நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் இத்தகைய வண்டிகளில்தான். எனவே, இவற்றின் நலம் உடையவருக்கு மட்டுமன்றி ஊருக்கே உரிய கவலையாகும்.

பழைய ஜீப்புகளுக்கு வரும் குறைகளுள் அடிக்கடி காணப்படுவதும், பலராலும் அலட்சியம் செய்யப்படுவதும் ஒன்று உண்டு. மிதியை அழுத்திவிட்டுக் காலை எடுத்த பின்னரும் பின்சக்கர பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அது. இதன் காரணங்களை ஒழுங்காகக் கண்டறியும் முறையையும், அவற்றை நீக்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பிடித்த பிரேக்கினால் வரும் கேடு

"வண்டி சற்றுக் கனமாக ஓடுகிறது, அவ்வளவுதானே" என்று சிலர் எண்ணுவதுண்டு. டீசல் வீணாவதும் லைனிங் தேய்வதும் சிறிய நட்டங்களே. பெரிய ஆபத்து வெப்பத்தினால் வருவது.

ஓயாமல் உராயும் டிரம் மிகுதியாகச் சூடேறுகிறது. அச்சூடு வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கும் பரவுகிறது. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேட் இருத்தல் வேண்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அத்தரம் 140 டிகிரியாகவே வகுக்கப்பட்டுள்ளது. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி எளிதில் அமுங்கக்கூடியது. ஆதலின் மிதியை அழுத்தினால் குமிழிகள் சுருங்குமேயன்றி ஷூக்கள் விரிய மாட்டா. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. சமவெளியில் இது நேர்ந்தால் ஓரளவு சமாளிக்கலாம். எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற இறக்கத்தில் ஆட்களுடன் வருகையில் நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. விடாத பிரேக்கே, தேவைப்படும் வேளையில் பிடிக்காத பிரேக்காக மாறிவிடுகிறது என்பதை அனைவரும் நினைவில் இருத்துதல் நலம்.

பிரேக் வேலை செய்யும் விதம்

குறையைக் காண்பதற்கு முன் அமைப்பை அறிதல் வேண்டும். ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது ஒரு தள்ளுகோல் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் ஆயிலைக் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்துகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் இரு ஷூக்களையும் விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. காலை எடுத்தவுடன் ஸ்பிரிங்குகள் ஷூக்களை உள்ளிழுக்கின்றன. ஆயில் வந்த வழியே திரும்புகிறது.

ஆயில் திரும்பும் வழியே இங்கு நம் கருத்துக்கு உரியது. மாஸ்டர் சிலிண்டரில், ஆயில் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையே மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. வயலில் மிகுந்த நீர் வடிவதற்கு விடப்படும் சிறு மடையைப் போன்றது அது. பிஸ்டன் முழுவதும் பின்வாங்கினால்தான் அம்மடை திறக்கும். பிஸ்டன் ஒரு நூலளவு முன்னே நின்றுவிட்டாலும் மடை அடைபட்டு, அழுத்தம் குழாய்களிலேயே தங்கிவிடும்.

பின்னச்சு மேலும் கீழும் அசைவதால் இரும்புக் குழாயை நேராக அதனுடன் இணைக்க இயலாது. ஆகவே சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையில் ஒரு ரப்பர் ஹோஸ் அமைக்கப்பட்டுள்ளது. பழைய ஜீப்புகளில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் செல்லும் ஆயில் இந்த ஒரே ஹோஸின் வழியாகவே போய்வருகிறது. இதனை மறவாதிருந்தால் பாதிக் குறை கண்டறியப்பட்டதாகும்.

எந்தச் சக்கரம் சூடாகிறது?

முதற்சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. சமமான சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவு, கூடியவரை பிரேக்கைப் பயன்படுத்தாமல் வண்டியை ஓட்டி, மெல்ல நிறுத்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்மிற்கும் அருகே புறங்கையைக் கொண்டு சென்று சூட்டை ஒப்பிட வேண்டும். டிரம்மைத் தொடுதல் கூடாது, கை வெந்துவிடும். கிடைக்கும் விடைகள் வருமாறு:

நான்கு சக்கரங்களும் சூடாக இருந்தால், குறை மிதியிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ உள்ளது எனக் கொள்ளலாம்.

பின்சக்கரங்கள் இரண்டும் சூடாகி முன்சக்கரங்கள் குளிர்ந்திருந்தால், பின்புற ஹோஸை முதலில் ஐயுற வேண்டும். ஹோஸுக்கு அப்பால் நசுங்கிய குழாயும் காரணமாகலாம். கைப்பிரேக் கம்பி பின்சக்கரங்களுக்குச் செல்லும் வண்டிகளில் அக்கம்பியையும் பார்க்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறைகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டர் பொருத்திய பிற்கால வண்டிகளில் பின்புற அறையின் குறையும் இவ்வாறே தோன்றும்.

ஒரே பின்சக்கரம் மட்டும் சூடானால், குறை பெரும்பாலும் அச்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். தளர்ந்தோ பழுதுற்றோ உள்ள பேரிங்கும் சூட்டை உண்டாக்கும். சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து அதனை விலக்கிக்கொள்ள வேண்டும்.

சக்கரங்கள் குளிர்ந்திருந்தும் வண்டி கனமாக ஓடுமாயின், கைப்பிரேக்கைச் சோதிக்க வேண்டும். பழைய வகை ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில், ஜாயிண்ட் ஷாப்ட்டைப் பிடிக்கும் தனி டிரம்மில் உள்ளது. அந்த டிரம் சூடாக இருந்தால், பின்சக்கர பிரேக்கைக் கழற்றிப் பயனில்லை.

அழுத்தமா, இயந்திரத் தடையா?

அடுத்த சோதனையே இத்தொழிலின் உயிர்நாடி. சமதரையில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்னச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான இரும்பு முக்காலிகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கற்களை அடுக்கியோ வண்டிக்கு அடியில் செல்லுதல் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை விடுவிக்க வேண்டும்.

இப்பொழுது ஒருவர் மிதியை நான்கைந்து முறை நன்றாக அழுத்தி விடட்டும். மற்றொருவர் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கட்டும். சக்கரம் பிடித்திருந்தால், அதன் பின்தகட்டிலுள்ள நிப்பிளில் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைப் புட்டியில் விட்டு, நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க வேண்டும்.

ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்பது தெளிவு. ஆயில் சிறிதே கசிந்து சக்கரம் முன்போலவே பிடித்திருந்தால், குறை ஷூ, ஸ்பிரிங், பிஸ்டன் ஆகிய இயந்திரப் பகுதிகளில் உள்ளது. டிரம் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் குழாய்களில் எப்பொழுதும் சிறிதளவு அழுத்தம் நிற்குமாறு ஒரு வால்வு அமைந்திருப்பதுண்டு. ஆதலின் சிறு கசிவைக் கண்டு குறை என மயங்க வேண்டா; சக்கரம் விடுபடுகிறதா என்பதே அளவுகோல்.

அழுத்தம் சிறைப்பட்டது எனத் தெரிந்தால், அது எவ்விடத்தில் என்பதையும் அறியலாம். நிப்பிளை மூடி, மீண்டும் மிதியை அழுத்திச் சக்கரம் பிடிக்குமாறு செய்ய வேண்டும். இம்முறை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாயின் இணைப்பைச் சற்றுத் தளர்த்த வேண்டும். சக்கரம் விடுபட்டால் குறை மாஸ்டர் சிலிண்டரில் அல்லது மிதியில். விடுபடாவிட்டால் இடையிலுள்ள ஹோஸில் அல்லது குழாயில். இணைப்பை இறுக்கிய பின்னரே அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும். இவ்வாறு படிப்படியாகச் சென்றால், நல்ல உறுப்புகளை வீணே மாற்றிப் பணத்தை இழக்க நேராது.

ஹோஸ்: வெளியே நலம், உள்ளே நோய்

ரப்பர் ஹோஸ் வெளிப்பார்வைக்குப் புதிதுபோல் இருந்தும் உள்ளே கெட்டிருக்கலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் உட்சுவர் ஊதி வழியைக் குறுக்குகிறது. சில வேளை உரிந்து ஒரு மடல்போல் தொங்குகிறது. கொல்லன் துருத்தியின் தோல்மடல் காற்றை ஒரு பக்கமே விடுவது போல, இம்மடலும் ஆயிலைச் சக்கரத்துக்குச் செல்ல விட்டு, திரும்ப விடாமல் தடுக்கிறது. காலின் வலிமை ஆயிலை முன்தள்ளப் போதுமானது. ஸ்பிரிங்கின் வலிமையோ அதனைத் திருப்பி அனுப்பப் போதாது.

இதற்குச் செப்பனிடும் வழி இல்லை. ஹோஸை மாற்றுவதே வழி. இரும்புக் குழாயின் நட்டு துருவேறியிருக்குமாதலால், முந்தின நாளே துருநீக்கும் எண்ணெய் இட்டு, பொருத்தமான ஸ்பானரால் கழற்ற வேண்டும். புதிய ஹோஸ் முறுக்கேறாமல் இருத்தல் வேண்டும். செம்பு வாஷர் உள்ள இடத்தில் புதியதையே இட வேண்டும். அச்சு முழுவதும் தாழ்ந்த நிலையிலும் ஹோஸ் இழுபடாமலும், வில்தகட்டிலோ புகைக்குழாயிலோ உராயாமலும் இருக்கிறதா என்று பார்த்தல் அவசியம். ஹோஸை இடுக்கியால் நசுக்கிச் சோதிக்கும் வழக்கம் தீயது. நல்ல ஹோஸின் உட்சுவரையும் அது கெடுத்துவிடும்.

மிதியும் மாஸ்டர் சிலிண்டரும்

பழைய ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டரும் மிதியின் அச்சும் தளத்துக்குக் கீழே, சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுக்கு நேரே இருக்கின்றன. மிதியின் புஷ்ஷில் சேறும் துருவும் ஏறினால் மிதி முழுவதும் மேலே வராது. எனவே முதலில் காலால் அன்றிக் கையால் மிதியை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கியவுடன் பிரேக் விட்டால், புஷ்ஷைத் துடைத்துக் கிரீஸ் இடுவதும், தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவதுமே போதும். தரைவிரிப்பு மிதியைத் தடுக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

அடுத்தது மிதியின் வெற்றசைவு. தள்ளுகோல் பிஸ்டனைத் தொடுமுன் மிதி ஏறக்குறைய அரை அங்குலம் எளிதாக அசைய வேண்டும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு குறிக்கப்பட்டிருப்பின் அதுவே கொள்ளத்தக்கது. இந்த அசைவு இல்லையெனில் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காது. மேலே கூறிய சிறு மடை திறவாது. பிரேக் தாழ்வாகப் பிடிக்கிறது என்று கருதி, ஷூக்களைச் சரிசெய்யாமல் தள்ளுகோலை நீட்டிவிடுவோர் உண்டு. இக்குறை பல வண்டிகளில் அவ்வாறு வந்ததே. தள்ளுகோலின் நட்டைத் தளர்த்தி, அளவைச் சரிசெய்து மீண்டும் பூட்ட வேண்டும்.

அதன் பின்னும் குறை நீங்காவிடில், தொட்டியின் மூடியைச் சுற்றிலும் துடைத்துத் திறந்து பார்க்க வேண்டும். மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருந்தால் அதனைச் சுத்தம் செய்தல் வேண்டும். ஒருவர் மிதியை மெல்ல அழுத்தும்போது, தொடக்கத்தில் தொட்டிக்குள் சிறு ஊற்றுப்போல ஆயில் எழும்பினால் மடை திறந்துள்ளது என்று பொருள். முகத்தை நேரே மேலே வைத்துப் பார்த்தல் கூடாது. ஊற்று எழாவிட்டால் துளை அடைபட்டுள்ளது, அல்லது பிஸ்டனின் ரப்பர் கப் ஊதி அதனை மூடியுள்ளது. அப்பொழுது சிலிண்டரைக் கழற்றி, புதிய ரப்பர் கிட் இட வேண்டும். உட்சுவரில் குழிகள் விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றுவது நன்று.

சக்கரத்தின் உள்ளே

நிப்பிளைத் திறந்தும் விடாத சக்கரத்தில் டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முதலில் ஷூக்களைத் தளர்த்தும் போல்ட்டுகளைத் திருப்பி, ஷூக்களை உள்வாங்கச் செய்தல் வேண்டும். சில வண்டிகளில் டிரம் எளிதில் வந்துவிடும். வேறு சிலவற்றில் ஹப் கூம்பான ஆக்சிலின் மேல் இறுகி அமர்ந்திருக்கும். அதற்கு உரிய புல்லரைக் கொண்டே எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் ஆக்சிலும் பேரிங்கும் கெடும்.

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருத்தல் கூடும். அதன் தூசு நுரையீரலில் தங்கிக் கொடிய நோயை விளைவிப்பது. ஆதலின் உள்ளிருக்கும் தூசைக் காற்றுக்குழாயால் ஊதுவதோ, உலர்ந்த துணியால் தட்டுவதோ கூடவே கூடாது. நீரில் நனைத்த துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது வீல் சிலிண்டர். ரப்பர் மூடியைத் தூக்கினால் ஈரமோ துருவோ காணப்படுமாயின் பிஸ்டன் இறுகியிருக்கலாம். மெல்லிய துருவாயின் நுண்ணிய உப்புத்தாளால் நீக்கி, நன்கு துடைத்துப் புதிய கப்புகளை இடலாம். குழி விழுந்திருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். இரண்டாவது ஸ்பிரிங்குகள். சூட்டில் நிறம் மாறியும் நீண்டும் போனவை ஷூவை இழுக்க மாட்டா. இவற்றை இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். மூன்றாவது, ஷூக்கள் உராயும் பின்தகட்டின் மேடுகளும், அவை நிற்கும் பின்களும். அங்கே பள்ளம் விழுந்தால் ஷூ அதில் சிக்கிக்கொள்ளும். அரத்தால் மழித்து, சூடு தாங்கும் கிரீஸை மிகச் சிறிதளவு தடவலாம். லைனிங்கில் படுதல் ஆகாது. நான்காவது, சேற்று வயலிலும் ஓடையிலும் சென்ற வண்டிகளில் படிந்துள்ள வண்டல். கைப்பிரேக் கம்பி உள்ள வண்டிகளில், அக்கம்பி தன் உறையில் எளிதாக ஓடுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மீண்டும் பூட்டிய பின், ஒவ்வொரு ஷூவும் டிரம்மைத் தொடும்வரை போல்ட்டைத் திருப்பி, பின்னர் சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும்.

பிரேக் ஆயில் பற்றிய எச்சரிக்கை

ரப்பர் உறுப்புகள் ஊதிப்போவதற்குப் பெருங்காரணம் தவறான எண்ணெயே. அவசரத்தில் எஞ்சின் ஆயிலையோ கியர் ஆயிலையோ தொட்டியில் ஊற்றுவோர் உண்டு. உறுப்புகளை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவுவோரும் உண்டு. இவை ரப்பரைக் கெடுக்கும். கழுவுவதற்குப் புதிய பிரேக் ஆயிலையோ சாராயச் சத்தான ஸ்பிரிட்டையோ கொள்ள வேண்டும்.

ஐயமிருப்பின் எளிய சோதனை ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து சில துளிகளை ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் விட வேண்டும். முறையான பிரேக் ஆயில் நீரில் கலந்துவிடும். மற்ற எண்ணெய் மேலே மிதக்கும். மிதக்குமாயின், குழாய்களை முழுவதும் கழுவி, எல்லாக் கப்புகளையும் ஹோஸ்களையும் மாற்றுவதே பாதுகாப்பு. ஒன்றை மட்டும் மாற்றினால் சில நாட்களில் புதியதும் ஊதிவிடும்.

எந்த வேலைக்குப் பின்னரும், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுக்க வேண்டும். வெளிவந்த ஆயிலைத் திரும்ப ஊற்றுதல் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயில் முழுவதையும் மாற்றுதல் நல்ல வழக்கம். திறந்து வைத்த பழைய டப்பாவிலுள்ளது ஈரம் ஏறியதாகையால் பயன்படாது.

செய்யத்தகாத செயல்

பிடித்த சக்கரத்துக்குச் செல்லும் குழாயை மடித்து நசுக்கிவிட்டு, "மூன்று சக்கர பிரேக் போதும்" என்று வண்டியை ஓட்டுவது சில இடங்களில் காணப்படுகிறது. இதனால் பிரேக் ஒரு பக்கமாகவே பிடித்து, மழைநாளில் வண்டி திரும்பிவிடும். சூடான டிரம்மின் மேல் நீரைக் கொட்டுவதும் தவறு, வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். வழியில் சூடு மிகுந்தால், சமமான இடத்தில் நிறுத்திக் கட்டை வைத்து, தானே ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தாமல் தாழ்ந்த கியரில் இறங்குவதே எக்காலத்தும் நன்று.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது

பிரேக் வேலை உயிரோடு தொடர்புடையது. சோதனைகளை உடையவரே செய்யலாம். உறுப்புகளைக் கழற்றிப் பூட்டுவதைத் தேர்ந்த மெக்கானிக்கின் மேற்பார்வையில் செய்வித்தல் வேண்டும். வேலை முடிந்தபின் ஆள் ஏற்றாமல் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டி, டிரம்களின் சூட்டை மீண்டும் ஒப்பிட்டால் பழுது நீங்கியதா என்பது தெரிந்துவிடும்.

மலையூர்ப் பஞ்சாயத்துகள், மழைக்காலத் தொடக்கத்திலும் திருவிழாவுக்கு முன்னும், ஊரில் ஆட்களை ஏற்றும் ஜீப்புகளின் உடையவர்களை அழைத்து இச்சோதனைகளைச் செய்யுமாறு தூண்டலாம். சூட்டை ஒப்பிடும் முதற்சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. அரை மணி நேரமே ஆகும். ஒரு ஹோஸை உரிய காலத்தில் மாற்றாததால் ஒரு வண்டி மக்கள் பள்ளத்தில் வீழ்வதை, முன்னறிவுடைய ஊர் எதுவும் பொறுத்திருக்கலாகாது. வண்டி ஓடுவதற்கு எஞ்சினில் காட்டும் அக்கறையை, அது நிற்பதற்கு உரிய பிரேக்கிலும் காட்டுவோமாக.